பேஸ் கிடார்: ஆம்ப் வாங்கவா, டி.ஐ. வாங்கவா?

நாலுகம்பி (திண்டுக்கல்), திங்கள் இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் நீங்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தவன், இன்று ஒரு சந்தேகத்தோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 38. பகலில் கணக்கு எழுதும் வேலை. கல்லூரிக் காலத்தில் கிடார் கொஞ்சம் தட்டியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் யமஹா டிஆர்பிஎக்ஸ்174 பேஸ் ஒன்று பழசாக 13,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அன்றோடு கிடார் பரணுக்குப் போய்விட்டது. வீட்டில் பழக 20 வாட் ஆம்ப் (ஸ்பீக்கரோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வைத்திருக்கிறேன். மொட்டைமாடியில் அதை வைத்து வாசித்தால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும் என்று பெருமையாக இருந்தேன்.

ஊரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர் துபாய் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். போன ஞாயிறு வத்தலக்குண்டு பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன், என் முதல் கச்சேரி. பேஸ் ஒரு தோளில், ஆம்ப் இன்னொரு கையில், பஸ்ஸில் போனேன். கண்டக்டர் "உள்ள என்ன சார், வீணையா?" என்று கேட்டுவிட்டு இரண்டுக்கும் லக்கேஜ் போட்டார்.

மேடையில் கீபோர்டு, ரிதம் பேட், டோலக், நான், பாட இரண்டு பேர். ஆம்ப்பை என் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். முதல் பாட்டு ஆரம்பித்து நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, போயிருக்காது, நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. வால்யூமை முழுக்கத் திருகினால் ஸ்பீக்கர் பர்ர் என்று கிழிகிறது. மைக்செட்காரர் பரிதாபப்பட்டு ஒரு நீள வயரைக் கொண்டுவந்து ஆம்ப்பிலிருந்து பிடுங்கி நேரே மிக்சரில் சொருகினார். இப்போது பேஸ் வந்தது, கூடவே ஊம்ம்ம் என்று ஒரு ரீங்காரமும் வந்தது. என் சத்தம் பந்தல் கடைசியில் கேட்கிறது, நான் நிற்கும் இடத்தில் கேட்கவில்லை. சரி, கொஞ்சமாவது கேட்கட்டும் என்று இடைவேளையில் மறுபடி ஆம்ப்புக்கே மாறினேன்.

அப்புறம்தான் பெரிய விஷயம். கோரஸ் பாட மைக் பக்கம் குனிந்தேன். உதடு பட்டதும் சுரீர் என்று இழுத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். நான் ஏதோ ஆட்டம் போடுகிறேன் என்று நினைத்திருப்பான்.

கையில் 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 150 வாட் ஆம்ப் வாங்குவதா, இல்லை எல்லோரும் சொல்லும் டி.ஐ. பெட்டி, அதாவது பேஸ் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி, வாங்குவதா? வீட்டில் இரண்டையும் வாங்கவிடமாட்டார்கள். மூன்றாவதாக ஒரு மிக்சி வாங்கவேண்டியிருக்கிறது.

ஒலிப்பெட்டி (மதுரை), செவ்வாய் காலை 6:15

தம்பி, ஆம்ப்பும் வேண்டாம் டி.ஐ.யும் வேண்டாம், முதலில் ஷாக்கைப் பார்ப்போம். 22 வருஷமாக மைக்செட் தொழிலில் இருக்கிறேன். உதட்டில் சுரீர் என்றதைச் சிரிப்பாக எழுதியிருக்கிறீர்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை. 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். பெரிய குழுவுக்கே அந்தக் கதி.

உங்கள் விஷயத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். மிக்சர் ஜெனரேட்டர் லைனில், உங்கள் ஆம்ப் மண்டபத்துச் சுவர் பிளக்கில். இரண்டுக்கும் எர்த் வேறு, அல்லது ஒன்றுக்கு எர்த்தே இல்லை. உங்கள் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் உடம்போடு சேர்ந்தவை. மைக்கின் உலோக வலை மிக்சரின் உடம்போடு சேர்ந்தது. கை கம்பியில், வாய் மைக்கில். நடுவில் வயராக இருந்தது நீங்கள்.

என்ன செய்யவேண்டும்? மேடையில் இருக்கிற எல்லாப் பொருளுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பிளக்கில் மூன்றாவது பின், அதுதான் அந்தக் குண்டு பின், இருக்கிறதா பாருங்கள். சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். டெஸ்டரை எடுத்து மைக்கில் வையுங்கள். பல்ப் எரிந்தால் வாசிக்காதீர்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்து கத்தினாலும் வாசிக்காதீர்கள். மெயினில் 30 மில்லியாம்பியர் கசிவு பிரேக்கர் இருந்தால் இன்னும் நல்லது. மைக்குக்குப் பஞ்சு உறை 30, 40 ரூபாய்தான். அது எர்த்துக்கு மாற்று இல்லை, ஆனால் உதடு நேரே உலோகத்தில் படாது.

டி.ஐ. பற்றி மதியம் எழுதுகிறேன். லாரி வந்துவிட்டது.

நாலுகம்பி, செவ்வாய் காலை 8:02

அண்ணே, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஆம்ப் வயர் சரியாக இருக்கிறது. நான் எடுத்துப் போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இரண்டு பின் பிளக். இத்தனை நாள் வீட்டில் இஸ்திரிப்பெட்டிக்கும் அதுதான்.

ஒலிப்பெட்டி, செவ்வாய் காலை 8:10

தூக்கி எறியுங்கள். இப்போதே.

பழையதோல்வார் (கோயம்புத்தூர்), செவ்வாய் காலை 10:30

வாழ்த்துகள். முதல் கச்சேரியில் ஷாக் அடிக்காதவன் பேஸ்காரனே இல்லை என்று எழுதப் போனேன், மேலே உள்ளதைப் படித்ததும் அழித்துவிட்டேன்.

நான் ஆம்ப் கட்சி. பேஸ் என்பது காதுக்கு மட்டும் உள்ள வாத்தியம் இல்லை. கால்சட்டைத் துணி லேசாக அதிரவேண்டும். அந்த அதிர்வு இருந்தால்தான் விரல் தாளத்தில் உட்காரும். டி.ஐ. வைத்து நேரே மிக்சருக்கு அனுப்பிவிட்டு, மானிட்டர் கொடுப்பார்களா மாட்டார்களா என்று மைக்செட்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிச்சை எடுக்கிற மாதிரி.

ஆனால் வாட் கணக்கை நம்பாதீர்கள். 20 வாட்டிலிருந்து 150 வாட்டுக்குப் போனால் ஏழரை மடங்கு சத்தம் வரும் என்று கடைக்காரர் சொல்வார். வாட் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல்தான். 20க்கும் 150க்கும் இடையில் ஏறத்தாழ 9 டெசிபல். காது அதை இரண்டு மடங்கு சத்தம் என்றுகூட முழுசாக ஒப்புக்கொள்ளாது. ஸ்பீக்கரின் அளவும் பெட்டியின் அளவும்தான் அதிக வித்தியாசம் காட்டும். 20 வாட் ஆம்ப்பில் இருப்பது 8 அங்குல ஸ்பீக்கராக இருக்கும். உங்கள் நாலாம் கம்பியைச் சும்மா தட்டினால் வரும் இ என்ற சுரம் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்னப் பெட்டியால் அதை வெளியே தள்ள முடியாது. மேலே உள்ள துணைச் சுரங்களை மட்டும் கொடுக்கும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். மொட்டைமாடியில் நிரப்பிக்கொண்டது. ரிதம் பேட் பக்கத்தில் அது நடக்கவில்லை.

12 அங்குல ஸ்பீக்கரோடு 150 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்று பழசாகத் தேடுங்கள். இப்போதெல்லாம் கிளாஸ் டி என்ற லேசான ஆம்ப் வகை வந்தபிறகு எடை குறைந்துவிட்டது. ஆம்பெக் கம்பெனி 1969-இல் எஸ்விடி என்று 300 வாட் வால்வு ஆம்ப் கொண்டுவந்தது. அதன் தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதோடு எட்டு ஸ்பீக்கர் வைத்த, பீரோ மாதிரி ஒரு பெட்டி. அதைக் கொண்டுபோனால் கண்டக்டர் லக்கேஜ் போடமாட்டார், தனி பஸ் பிடிக்கச் சொல்வார்.

கறுப்புக்கட்டை (ஈரோடு), செவ்வாய் மதியம் 1:20

நான் கீபோர்டு. கோபப்படாமல் கேளுங்கள். ரிசப்ஷன் கச்சேரிக்குத் தனியாக ஒரு பேஸ் கிடார் வேண்டுமா? கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடது கையில் பேஸ் சத்தம் வைத்துக்கொண்டால் ஒரு ஆள் சம்பளம், ஒரு ஆள் சாப்பாடு, காரில் ஒரு இடம் மிச்சம். பத்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். இப்போது அதுவும் போய், பாதிக் கச்சேரி ட்ராக், அதாவது பதிவு செய்த இசை, போட்டுப் பாடுவதாகிவிட்டது. நான்கூட எத்தனை நாளோ தெரியாது.

பழையதோல்வார், செவ்வாய் மதியம் 1:35

இடது கை பேஸ் தாளத்துக்கு உதவும் ஐயா. ஆனால் இளையராஜா பாட்டை அதில் வாசிக்கும்போது மனசாட்சி குத்தவில்லையா? தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், பேஸுக்கென்று தனியாக ஒரு மெட்டே எழுதியிருக்கிறார். பாடகர் ஒரு வழி போவார், பேஸ் இன்னொரு வழி போகும், இரண்டும் பல்லவி முடிவில் வந்து கைகுலுக்கும். அந்த ஓட்டத்தை இடது கை நாலு விரலில், அதே நேரம் வலது கையில் வயலின் பிட் வாசித்துக்கொண்டு, யாரால் முடியும்? ஸ, ப, ஸ, ப என்று தட்டிவிட்டுப் போவீர்கள்.

கறுப்புக்கட்டை, செவ்வாய் மதியம் 1:50

தட்டிவிட்டுத்தான் போகிறேன். கேட்கிறவர்கள் பிரியாணிப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாலுகம்பி, செவ்வாய் மதியம் 2:15

கீபோர்டு சார் வந்ததும் நல்லதாய்ப் போயிற்று. அந்த ரிசப்ஷனில் நடந்த இன்னொன்றை எழுதாமல் விட்டுவிட்டேன், அவமானமாக இருந்தது.

ஆறாவது பாட்டு. 5 கட்டை, அதாவது ஜி. வீட்டில் ஒரு வாரம் பழகியது. எனக்குப் பிடித்ததும் அதுதான், டி கம்பியும் ஜி கம்பியும் விரல் வைக்காமலே கிடைக்கும். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாட்டு ஆரம்பிக்கும் முன் திரும்பி, "அரைக்கட்டை இறக்கிக்குங்க" என்றார். கீபோர்டுக்காரர் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினார். டிஸ்பிளேயில் மைனஸ் ஒன்று. அவ்வளவுதான் அவர் வேலை. அவர் விரல்கள் அதே கட்டைகளில் அப்படியே போகும். எனக்கு? எஃப் ஷார்ப். திறந்த கம்பி ஒன்றுகூட உதவாது. எல்லா இடத்தையும் ஒரு பிரெட் (கழுத்தில் உள்ள ஒரு கட்டம்) தள்ளி, அதுவும் ஓடும்போதே. எப்படியோ பிழைத்தேன். வியர்வை கை மணிக்கட்டு வழியாகச் சொட்டியது.

அடுத்த பாட்டு 2 கட்டை, டி. பாடகி பாடவேண்டியது. கீபோர்டுக்காரர் அந்த மைனஸ் ஒன்றை எடுக்க மறந்துவிட்டார். முன்னிசை சி ஷார்ப்பில் போகிறது. பாடகி கீபோர்டைக் கேட்டு அதிலேயே எடுத்துவிட்டார். பேடுக்கு ஏது சுருதி? மேடையில் டி வாசித்தது நான் மட்டும்தான். சரியான சுருதியில் இருந்தவன் நான் ஒருவன், ஆனால் ஐந்து பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். மைக்செட்காரர்கூட என் சானலை இறக்கிவிட்டார். நாலு பார் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு பிரெட் கீழே இறங்கிக்கொண்டேன்.

கச்சேரி முடிந்ததும் குழு நடத்துபவர் சொன்னது: "புதுசுல்ல, போகப்போகப் பழகிடும்."

கறுப்புக்கட்டை, செவ்வாய் மதியம் 2:21

ஐயோ.

கறுப்புக்கட்டை, செவ்வாய் மதியம் 2:30

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல. பாவம் புல்லாங்குழல்காரர், அன்று அவர்தான் மாட்டிக்கொண்டார்.

தேவாலயக்குயில் (நாகர்கோவில்), செவ்வாய் மாலை 4:45

இதனால்தான் நான் ஐந்து கம்பிக்கு மாறினேன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பெண் குரலுக்கு இரண்டரைக் கட்டை அடிக்கடி வரும், அதாவது டி ஷார்ப். நாலு கம்பி பேஸில் அடியில் இருப்பதே இ தான், அதற்கு அரைப்படி கீழே இருக்கும் டி ஷார்ப்புக்கு இறங்க இடமில்லை. ஏ கம்பியில் ஆறாவது பிரெட்டுக்கு ஏறி வாசிக்கவேண்டும். பாட்டு முடியும் இடத்தில், எல்லோரும் அடியில் உட்காரும்போது பேஸ் மட்டும் பரணில் உட்கார்ந்திருக்கும். ஐந்து கம்பியில் பி கம்பியின் நாலாவது பிரெட். அங்கே வைத்து ஒரு நீள சுரம் விட்டால் பெஞ்சு அதிரும்.

இன்னொரு லாபம், திறந்த கம்பியை நம்பாமல் பழகிவிட்டால் அரைக்கட்டை ஏற்று, இறக்கு என்று யார் சொன்னாலும் கை அப்படியே தள்ளிப்போகும். முதல் இரண்டு மாதம் மட்டும் இ கம்பி என்று நினைத்து பி கம்பியைத் தட்டுவோம். ஆராதனை நடுவில் ஒரு தடவை அப்படித் தட்டிவிட்டேன். பாஸ்டர் கண் திறந்து பார்த்தார்.

ஒலிப்பெட்டி, செவ்வாய் இரவு 9:30

வந்துவிட்டேன். ஐந்து கம்பி பற்றி ஒரு வார்த்தை. பி கம்பி திறந்தால் 31 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டபத்தில் நான் வைப்பது பெரும்பாலும் 15 அங்குல டாப் ஸ்பீக்கர் இரண்டு. அடிச்சத்தத்துக்கென்று தனியாக சப் ஸ்பீக்கர் வேண்டும் என்று காசு கொடுப்பவர்கள் குறைவு. நானே 40க்குக் கீழே வெட்டிவிடுவேன், இல்லையென்றால் ஸ்பீக்கர் வீணாக உதறும். ஆகவே பி கம்பியின் அடிச்சுரம் பந்தலுக்கு வராது. ஆனால் அந்தம்மா சொல்கிற விரல் சௌகரியம் உண்மை.

இப்போது டி.ஐ. உங்கள் பேஸிலிருந்து மிக்சருக்கு நேரே 20 மீட்டர் வயர் போட்டதில் இரண்டு தப்பு. ஒன்று, பேசிவ் பிக்அப்புக்கு (பேட்டரி இல்லாமல் கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) எதிரே 1 மெகாஓம் மாதிரி பெரிய உள்ளீடு வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோஓம் சுற்றித்தான் இருக்கும். பிக்அப்பை அது அமுக்கிவிடும். சத்தம் கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்ததா? அதுதான். இரண்டு, அந்த வயர் பூராவும் ஏரியல். சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வரும். டி.ஐ. உங்கள் காலடியிலேயே சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றிவிடும். இரண்டு வயரில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் போகும். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் மிக்சரில் கழிந்துபோகும்.

பேசிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ., அதாவது கரண்டில் ஓடும் டி.ஐ., நல்லது. மிக்சரிலிருந்து அதே வயரில் 48 வோல்ட் ஃபேண்டம் கரண்ட் கொடுத்தால் ஓடும். வாங்கும்போது கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். ஊம் என்றால் அதை அழுத்துங்கள். அது ஆடியோ வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கிறது. கரண்ட் பிளக்கின் எர்த்தைப் பிரிப்பது வேறு, அதைச் செய்கிறவன் எதிரி.

ஒரு வேடிக்கை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உங்கள் நாலாம் கம்பி மூன்றாவது பிரெட், ஜி, 49 ஹெர்ட்ஸ். பந்தல் ரீங்காரம் எப்போதும் ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கும். ஐந்து கட்டைப் பாட்டில் பேஸை நிறுத்தினால்தான் இரைச்சல் தெரியும். நான் நேரமில்லாத நாளில் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

பழையதோல்வார், செவ்வாய் இரவு 9:52

உங்கள் யமஹா 174-இல் முன்னால் பிளந்த மாதிரி இருக்கும் பிக்அப், பின்னால் நேர்க்கோடாக ஒன்று. பின்னால் இருப்பது ஒற்றைச் சுருள், அதுதான் இரைச்சலை வாங்கும். முன்னால் இருப்பது ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸில் 1957-இல் வந்த அதே யோசனை. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், இரைச்சல் தானே அழிந்துவிடும். பந்தலில் பின் வால்யூமைப் பூஜ்யமாக்கிவிட்டு வாசியுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

மட்டுநகரான் (மட்டக்களப்பு), செவ்வாய் இரவு 10:40

இங்கே இலங்கையில் பைலா என்ற ஆட்டப்பாட்டு இல்லாமல் கல்யாணவீடு முடியாது. ஆறு எட்டுத் தாளத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்காமல் பேஸ் கிற்றார் ஓடவேணும். கீபோர்ட் அண்ணை இடது கையால் அதை வாசிச்சுப் பார்க்கட்டும், அடுத்த நாள் சோறு பிசையக் கை வராது.

என் அனுபவம் ஒன்று. என்னுடையது அக்டிவ் பேஸ். 9 வோல்ற் பற்றரி போட்டது. வயரைச் சொருகினாலே உள்ளே ஒன் ஆகிவிடும், கழற்றினால்தான் ஓவ். நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒத்திகை முடிச்சு, களைப்பில் வயரைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் மேடையில் முதல் பாட்டிலேயே சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் தவளை கத்துகிற மாதிரி ஆகி, நின்றுபோச்சு. மாப்பிள்ளையின் சிற்றப்பா வீட்டுக்குள் ஓடிப்போய் எங்கேயோ இருந்து ஒரு பற்றரி கழற்றிக்கொண்டு வந்து தந்தார். அன்று இரவு அந்த வீட்டு மணிக்கூடு ஓடியிராது என்று நினைத்தேன், பிறகுதான் யோசிச்சேன், மணிக்கூட்டுக்கு 9 வோல்ற் போடமாட்டார்களே. எதிலிருந்து கழற்றினார் என்று இன்றுவரை தெரியாது.

நாலுகம்பி, புதன் காலை 7:30

அண்ணன்மார்களுக்கு நன்றி. கம்பி பற்றியும் ஒரு கேள்வி. என் கம்பிகள் இரண்டு வருடப் பழசு. கடைக்காரர் மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். இப்போது இருப்பது உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வுண்ட், தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வுண்ட் போட்டால் பழைய பாட்டுகளுக்கு நன்றாக இருக்கும் என்கிறார். விலை இரண்டு மடங்குக்கு மேல்.

பழையதோல்வார், புதன் காலை 9:00

அமெரிக்காவின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகள் பலவற்றில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 ப்ரிசிஷன் பேஸில் லா பெல்லா ஃபிளாட்வுண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று சொல்வார்கள். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றால்தான் வாசித்தார். அழுக்கில்தான் சத்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. என்னுடையது நாலு வருடமாகிறது. மனைவி அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கை கழுவுகிறாள்.

தேவாலயக்குயில், புதன் காலை 9:40

ஃபிளாட்டுக்கு அது சரி. ரவுண்ட்வுண்டில் அதே அழுக்கு சுற்றுக்கு இடையில் போய் அடைத்துக்கொள்ளும், சத்தம் செத்துவிடும். சுருதியும் மேல் பிரெட்டுகளில் ஒழுங்காக நிற்காது. கடற்கரை ஊரில் எனக்கு மூன்று மாதம்தான். காசில்லாத காலத்தில் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, சோறு வடிக்கிற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துடைத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடுவேன். இரண்டு மூன்று வாரம் புதுசு மாதிரி மணி அடிக்கும். அம்மா அந்தப் பாத்திரத்தை அதற்கப்புறம் அடுப்படியில் சேர்க்கவில்லை.

வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் சேர்த்துத் துடையுங்கள். வேறு மருந்து இல்லை.

இன்னொன்று: ஏ.சி. மண்டபமா, வெயில் மேடையா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெயிலில் வந்த பேஸை ஏ.சி.க்குள் எடுத்தால் கம்பி இறுகிச் சுருதி ஏறும். மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். அரைமணி முன்னதாகவே பையைத் திறந்து வைத்து, மேடையில் நின்று ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை சுருதி பாருங்கள். காலடியில் ஒரு பெடல் ட்யூனர் இருந்தால் சத்தமில்லாமல் பார்க்கலாம். இல்லையென்றால் மைக்கில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது டொய்ங் டொய்ங் என்று நாம் ஒருத்தர் மட்டும்.

ஒலிப்பெட்டி, புதன் மதியம் 3:10

சுருதி எல்லாம் சரி. காதைப் பற்றி யாருமே பேசவில்லையே? எனக்கு இடது காதில் எப்போதும் ஒரு விசில். தொழில் கொடுத்த சீர். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் தாங்கலாம், அதற்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவில் நையோஷ் என்கிற அமைப்பு சொல்கிற கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணிநேரம். மேடையில் பேடுக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் 100 சாதாரணம். இசைக்காரர்களுக்கென்றே வரும் காதடைப்பான் வாங்குங்கள், சுரம் அமுங்காமல் சத்தம் மட்டும் குறையும். பஞ்சு வேண்டாம், அது மேல்சுரத்தை மட்டும் தின்றுவிட்டு, அடிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும்.

கறுப்புக்கட்டை, புதன் மதியம் 3:25

இரவு பத்து மணிக்கு போலீஸ் வந்து நிறுத்துவதுதான் என் காதைக் காப்பாற்றுகிறது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிக்கு நான் கடன்பட்டவன்.

நாலுகம்பி, மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 11:55

இப்போதுதான் வீடு வந்தேன். இந்த மூன்று வாரத்தில் இரண்டு கச்சேரி ஆயிற்று. ஒன்று நிலக்கோட்டையில் காதுகுத்து, இன்றைக்கு ஒரு கோயில் திருவிழா.

ஆம்ப் வாங்கவில்லை. பழைய ஆக்டிவ் டி.ஐ. ஒன்று 3,500-க்குக் கிடைத்தது. மூன்று பின் எக்ஸ்டென்ஷன், டெஸ்டர், மைக் பஞ்சு உறை, காதடைப்பான், ஒரு செட் ரவுண்ட்வுண்ட், பெடல் ட்யூனர் எல்லாம் சேர்த்தும் 30,000 முடியவில்லை. மிக்சியும் வந்துவிட்டது.

காதுகுத்தில் டெஸ்டரை மைக்கில் வைத்தேன், பல்ப் எரிந்தது. மைக்செட்காரரிடம் சொன்னால் "லேசா இருக்கும் சார், ஒண்ணும் பண்ணாது" என்றார். நான் பேஸைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டேன். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ. குழு நடத்துபவர் முறைத்தார். பத்து நிமிடத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் இரும்புக் கம்பி ஒன்றை அடித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வயர் கட்டினார்கள். பல்ப் அணைந்தது. பாடகி என்னிடம் வந்து, "போன மாசம் எனக்கும் அடிச்சது, நான்தான் மேலே புடவை ஜரிகை பட்டுடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

இன்றைக்கு என் 20 வாட் ஆம்ப்பையே கொண்டுபோனேன். கீழே வைக்காமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏற்றி என் காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். டி.ஐ.யிலிருந்து ஒரு வயர் மிக்சருக்கு, இன்னொன்று ஆம்ப்புக்கு. பந்தலுக்கு மிக்சர், எனக்கு மட்டும் ஆம்ப். வால்யூம் பாதிதான். கேட்டது, கிழியவில்லை. கால்சட்டை அதிரவில்லை, பழையதோல்வார் அண்ணன் மன்னிக்கவேண்டும்.

கிரவுண்ட் லிஃப்ட் அழுத்தியதும் ஊம்ம் நின்றது. நின்ற பிறகுதான் பக்கத்துத் தெருவில் ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது.

சம்பளம் 1,500 என்றார்கள். 1,000 கையில் வந்தது. மீதி அடுத்த கச்சேரியில் என்கிறார்கள்.

பழையதோல்வார், திங்கள் காலை 6:50

அந்த 500-ஐ மறந்துவிடுங்கள். எனக்கு 2011-இலிருந்து 500 வரவேண்டியிருக்கிறது. நாற்காலி யோசனை நல்ல யோசனை, நான் ஏன் இத்தனை வருடம் முழங்காலுக்கு வாசித்துக் காட்டினேன் என்று தெரியவில்லை.

கறுப்புக்கட்டை, திங்கள் காலை 10:05

நாலுகம்பி, ஒன்று கேட்கவேண்டும். வரும் வாரக்கடைசியில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம். அப்பாவுக்கு இளையராஜா பாட்டு மட்டும்தான் வேண்டுமாம், ட்ராக் கூடாதாம். மகன் பட்டியல் அனுப்பியிருக்கிறார், பதினெட்டுப் பாட்டு. நேற்று ராத்திரி உட்கார்ந்து இடது கையில் இரண்டு பாட்டு முயற்சி செய்தேன். உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? ட்ரான்ஸ்போஸ் பட்டன் மேல் டேப் ஒட்டிவிடுகிறேன்.

நாலுகம்பி, திங்கள் மதியம் 1:12

சனியா ஞாயிறா? ஞாயிறு என்றால் முடியாது, மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். சனி என்றால் வருகிறேன். இரண்டரைக் கட்டைப் பாட்டு எத்தனை இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லக்கேஜ் டிக்கெட் உங்கள் கணக்கு.